மதகை யாரிடம் கொடுப்பது

களப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களை ஷா ஆலாம் நகரத்துக்கு அனுப்பி, ஆட்களை ஊக்குவிப்பது எப்படி என்று இரண்டு நாள் பாடம் நடத்தப் போகிறார்களாம். போய் வாருங்கள். சாப்பாடு நன்றாக இருக்கும். நானும் அப்படிச் சில பயிற்சிகளுக்குப் போனவன்தான். திரும்பி வந்த மறுநாள் காலை பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், எதிரே நிற்கிற முகங்களில் எது பாடத்தில் வந்த முகம் என்று தெரியாமல் விழித்தவனும் நான்தான். ஆகவே பாடத்தை அவர்களிடம் விட்டுவிட்டு, நான் ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

அவன் பெயர் குணசேகரன், குணா என்போம். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும் என்பதால் அவன் என்றே எழுதுகிறேன். வேலையும், வேலையோடு சேர்ந்து வந்த வீடும் அவனுக்கு ஒரே வாரத்தில் பறிபோக இருந்தன. தோட்டத்து வீடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வேலை நின்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவன் மகள் அந்த வருடம் எஸ்பிஎம் பள்ளியிறுதிப் பரீட்சை எழுத இருந்தாள். அவன் சோம்பேறியாக இருந்திருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். எங்கள் தோட்டத்தில் அவனைப் போல ஓடி ஓடி உழைத்தவர் கிடையாது. அந்த ஓட்டம்தான் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

நாற்பது வருடத்தில் நான் பார்த்தவரை வேலை செய்கிறவர்களில் முக்கியமாக இரண்டு வகை. எதையாவது எட்டிப் பிடிக்க ஓடுகிறவர் ஒருவர். எதிலிருந்தாவது தப்பிக்க ஓடுகிறவர் மற்றவர். நான் இரண்டாம் வகை. வீட்டை விட்டுக் கிளம்பினால் கேஸ், தண்ணீர்க் குழாய், பின்கதவு என்று எண்ணி முடித்த பிறகுதான் மோட்டார் சைக்கிளை முடுக்குவேன். பெரட்டில் கங்காணியான மண்டோர் ஆட்களை எண்ணுவார், நான் எண்ணுவேன், பிறகு நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் எண்ணுவேன். எனக்கு மேல் மேற்பார்வையாளராக இருந்த ஒரு கண்டக்டர் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். என்னோடு சேர்ந்தவனிடம், "மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டா நீதான்டா கெட்டிக்காரன்" என்பார். அடுத்த நிமிடம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இது கெட்டுப்போனா நாளைக்கு யாருப்பா பதில் சொல்றது?" என்பார். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் ஓடுவோம். அவர் எங்கள் இருவரையும் வேறு வேறு கயிற்றால் இழுத்தார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

எங்கள் தோட்டம் கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில், ஆறு கடலைத் தொடும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. நிலம் தாழ்வு. ஆற்றுக்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கும் நடுவே ஒரு நீண்ட மண்கரை. நாங்கள் அதைப் பண்டு என்போம். பண்டின் நடுவில் இரும்புக் கதவு போட்ட மதகு; ஆட்கள் வாயில் அது கேட்டு. கடல் வற்றும்போது அதைத் திறந்து தோட்டத்துத் தண்ணீரை வெளியே விட வேண்டும். கடல் ஏறும் முன்பு மூடிவிட வேண்டும். மூடத் தவறினால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். பெரிய மரங்கள் சில மணி நேரம் தாங்கும். கன்றுகள் தாங்காது. மதகிலிருந்து வரும் பெரிய வாய்க்காலை ஒட்டித்தான் அந்த வருடத்து மறுநடவு முழுவதும் இருந்தது.

மதகைப் பார்த்துக்கொண்டவர் மாரியப்பன். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த ஆள், பேசினால் நிறுத்த மாட்டார். பேசுவது எல்லாம் கெட்ட செய்தி. பண்டில் உடும்பு பொந்து போட்டிருக்கிறது, கதவை ஏற்றி இறக்கும் சக்கரத்தில் கிரீஸ் காய்ந்துவிட்டது, அமாவாசை வருகிறது, மேற்கே மேகம் கறுக்கிறது, வாய்க்காலில் முதலைத் தடம் மாதிரி என்னவோ தெரிகிறது என்று தினமும் பெரட்டில் ஒரு பட்டியல் வாசிப்பார். அவர் பட்டியலில் பாதிதான் நடக்கக்கூடியது. அந்தப் பாதியைத்தான் அவர் நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்.

அப்போது ஈப்போ பக்கத்திலிருந்து ஒரு மேனேஜர் மாற்றலாகி வந்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர், மனதில் கள்ளம் இல்லாதவர். வந்த மாதமே பெரட்டில் வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டி, நன்றாக வேலை செய்தவர் பெயருக்கு நேரே நட்சத்திரம் ஒட்ட ஆரம்பித்தார். ஒட்டும்போது எல்லாரும் கைதட்ட வேண்டும். குணா டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். முதல் நட்சத்திரம் ஒட்டிய அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரமே வெட்டிய குலைகளை மற்ற டிவிஷன்களுக்கு முன்பே லோரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். மருந்தடிக்கிற பெண்களுக்கு மண்டோராக இருந்த சரஸ்வதிக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் வந்து, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார். வேலை நன்றாக நடந்ததா இல்லையா என்பது வீட்டுக்குப் போகும்போது தனக்கே தெரியுமாம். கைதட்டினால் தன் ஆட்கள் தன்னை ஆபீஸ் ஆள் என்று நினைப்பார்களாம். ஒரே பலகை ஒருவனை ஓட வைத்தது, இன்னொருவரைக் கூச வைத்தது.

மாரியப்பனுக்கு நட்சத்திரமே இல்லை. மதகு வேலையில் எல்லாம் சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு எப்படிக் கைதட்டுவது? ஒருநாள் அவர் பட்டியலை வாசிக்கத் தொடங்கியதும் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "மாரியப்பன், ஒரு நாளாவது நல்ல சேதியோட வாங்க லா" என்றார்.

"நல்ல சேதின்னா நான் ஏன் சார் வாயத் திறக்கப் போறேன்" என்றார் மாரியப்பன்.

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். ஆனால் அந்த மாதக் கடைசியில் மாரியப்பனை டிராக்டர் கொட்டகைக்கு மாற்றிவிட்டு, மதகைக் குணாவிடம் கொடுத்தார். ஆர்வமுள்ள ஆளிடம் கொடுத்தால் எந்த வேலையும் உயரும் என்பது அவர் நம்பிக்கை.

மேனேஜருக்குக் கீழே வேலையை மேற்பார்க்கும் கிராணியான நான் போய்ப் பேசினேன். மழை வந்தால், கடல் ஏறினால், கதவு சிக்கினால், ஆள் தூங்கிவிட்டால் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிராணி, நீங்களும் மாரியப்பனும் ஒரே ஸ்கூலா?" என்றார். அவருக்குப் புரிகிற மொழியில் நான் பேசவில்லை. எனக்குப் பழகிய மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பவருக்கு மட்டும்தான் இயல்பு உண்டு என்றில்லை. மேலே இருப்பவருக்கும் உண்டு.

மாரியப்பன் மனதில் என்ன இருந்ததோ, ஒரு முழு நாள் குணாவைப் பண்டின் மேல் நடக்க வைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

குணா மதகை மாற்றிக் காட்டினான். வாய்க்காலில் செடி கொடிகளை அரித்தெடுத்தான். சக்கரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசினான். வெட்டுப்பாதைகள் காய்ந்தன. முன்பெல்லாம் மழைக்காலத்தில் வாரம் ஒரு லோரி சேற்றில் சிக்கும். அது நின்றது. மேனேஜர், லோரி சிக்காத வாரத்துக்கு ஒரு நட்சத்திரம் என்று அறிவித்தார். லோரி சிக்காமல் இருக்கத் தோட்டம் இன்னும் காய வேண்டும். தோட்டம் காய மதகு இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்க வேண்டும். குணாவும் அதைத்தான் செய்தான். மாரியப்பன் கடல் ஏறத் தொடங்குவதற்கு வெகு முன்பே மூடுவார். குணா கைபேசியில் கடலேற்ற நேரத்தைப் பார்த்து, கடைசித் தண்ணீர் வடிகிற வரை திறந்து வைத்தான். நான் மாலை நேரங்களில் போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். கேட்டால், "சார், கடைசி அரை மணி நேரத் தண்ணிதான் ரோட்ட காய வைக்குது" என்பான். மாதக்கணக்கில் அவன் சொன்னபடியே நடந்தது.

பிறகு அந்த அமாவாசை வந்தது. மேனேஜர் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் இருந்தார். எங்கள் பக்கம் நல்ல வெயில். ஆனால் முந்தின இரண்டு நாளும் மேலே கோலா குபு பாரு மலைப்பக்கம் மழை கொட்டியிருந்தது. அந்தத் தண்ணீர் ஆற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தது. கைபேசிக்குக் கடலேற்றம் தெரியும். மலையில் பெய்த மழை தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குணா எனக்குப் போன் அடித்தான். சக்கரம் பாதியில் நின்றுவிட்டது, கதவு இறங்கவில்லை, ஆறு உள்ளே வருகிறது என்றான். குரலில் பயம் இல்லை, அவசரம் இருந்தது.

நான் கொட்டகைக்குப் போய் மாரியப்பனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். போகும் வழியிலேயே சரஸ்வதிக்குப் போன் செய்து, ஆட்களோடும் காலி உரச் சாக்குகளோடும் மறுநடவுப் பக்கம் வரச் சொன்னேன். காரணம் கேட்காமல் சரி என்றார்.

மதகில் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆறு அடித்துக்கொண்டு வந்த ஒரு தென்னை மரத்துண்டு கதவுக்கு அடியில் குறுக்கே மாட்டியிருந்தது. மூடாத பாதி வழியாகத் தண்ணீர் பழுப்பு நிறத்தில் சத்தத்தோடு உள்ளே பாய்ந்தது. குணா சட்டையைக் கழற்றிவிட்டான். இறங்கி மரத்தை உதைத்துத் தள்ளிவிட்டால் கதவு இறங்கிவிடும், ஐந்து நிமிட வேலை என்றான். மாரியப்பன் கரையில் நின்று வாசிக்கத் தொடங்கிவிட்டார். தண்ணீர் ஆளை உறிஞ்சிக்கொண்டு போய்விடும், கதவு திடீரென்று விழுந்தால் ஆள் இரண்டு துண்டு, பண்டு இளகுகிறது, முதலை வேறு. சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் அவரும் அசையவில்லை. ஒருவன் சாகத் தயாராக இருந்தான். இன்னொருவர் பயத்தில் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றார். நடுவில் நான்.

இறங்காதே, செத்துப்போவாய் என்று குணாவிடம் சொன்னால் கேட்டிருக்க மாட்டான். அவன் காதில் ஆபத்து விழாது. இலக்குதான் விழும். ஆகவே இலக்கை மாற்றினேன். "குணா, கேட்ட விடு. கேட்டு நமக்கு வேணாம். கன்னுங்கதான் வேணும். மறுநடவுக்குள்ள போற சின்ன வாய்க்கால் வாயையெல்லாம் தண்ணி வர்றதுக்கு முன்ன உன்னால அடைக்க முடியுமா?"

அவன் ஒரு விநாடி மதகைப் பார்த்தான், பிறகு வாய்க்காலைப் பார்த்தான். "எத்தன வாய் சார்?" என்றான்.

"ஒம்போது."

"முடியும்." சட்டையை எடுக்கக்கூட இல்லை. டிராக்டரை நோக்கி ஓடினான்.

மாரியப்பனிடம் தைரியமாக இரு என்று சொல்லவில்லை. அவரிடம் இல்லாததைக் கேட்டு என்ன பயன்? "மாரியப்பன், ஒம்போதுல எது மொதல்ல உடையும்?" என்று கேட்டேன்.

அவர் வாய் நின்றது. கண் வேலை செய்யத் தொடங்கியது. "கடைசியில இருந்து ரெண்டாவது. அங்கதான் உடும்பு பொந்து. அத விட்டா மத்தத அடைச்சும் புண்ணியமில்ல" என்றார். சொல்லிவிட்டு எனக்கு முன்பாகவே நடந்தார்.

அதன் பிறகு நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சாக்குகளை எண்ணினேன். பெண்கள் மண் நிரப்பிக் கட்டினார்கள், குணா டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினான், வெட்டுக்காரர்கள் அடுக்கினார்கள். மாரியப்பன் ஒவ்வொரு வாயிலும் நின்று, இங்கே கசிகிறது, அங்கே இன்னும் இரண்டு சாக்கு என்று வாய் ஓயாமல் குறை சொன்னார். முதல் முறையாக அவர் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் ஓர் ஆள் ஓடினான். ஒரு கட்டத்தில் குணா டிராக்டரிலிருந்து, "அண்ணே, இதாவது நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்று கத்தினான். "நல்லா இருந்தா நகந்து போயிருப்பேன்டா" என்றார் அவர்.

கடல் வற்றத் தொடங்கியதும் தண்ணீர் வந்த வழியே திரும்பியது. சங்கிலி போட்டு டிராக்டரால் மரத்துண்டை இழுத்தோம். வெளிச்சம் போவதற்குள் மதகை மூடினோம். மறுநடவில் வாய்க்காலை ஒட்டிய ஒரு மூலை மட்டும் உப்பு குடித்தது. அந்தக் கன்றுகள் அடுத்த வாரங்களில் மஞ்சளாகிக் கருகின. மற்றவை பிழைத்தன.

குணாதான் பிழைக்கவில்லை என்று தோன்றியது. தலைமை அலுவலகம் விசாரணை வைக்கச் சொன்னது. குணா ஒன்றும் மறைக்கவில்லை. வழக்கத்தைவிட நேரம் கழித்தே மூடப் போனேன் என்று ஒப்புக்கொண்டான். அவன் மனைவி புஞ்சாக் ஆலாமில் வாடகை வீடு விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பள்ளியை இப்போது மாற்றினால் மகள் பரீட்சை என்னாவது என்று என் மனைவியிடம் வந்து கேட்டார். என் மனைவி அதை அப்படியே என்னிடம் கேட்டாள்.

அவனை விடுவதில்லை என்று நான் முடிவு செய்தேன். இந்த முறை மேனேஜரிடம் போகும்போது, அவன் போனால் என்னென்ன கெடும் என்கிற என் பட்டியலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். "சார், இந்த மறுநடவுல மொதக் குலை வெட்டுற அன்னைக்கு, மத்த எல்லா டிவிஷனுக்கும் முன்ன அது ஆலைக்குப் போய்ச் சேரணும். அத செஞ்சு காட்டுற ஆள் இந்தத் தோட்டத்துல ஒருத்தன்தான்" என்றேன்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். தனக்கும் அவனை அனுப்ப மனமில்லை என்றார். லோரிக்கு நட்சத்திரம் அறிவித்தது தான்தான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மேலே ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். குணாவுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா? கொடுத்தும் கேட்கவில்லை என்றால் அது அலட்சியம். அலட்சியத்துக்கு வேலை போகும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மாரியப்பன்.

மாரியப்பனிடம் போய் இப்படிச் சொல்லுங்கள் அப்படிச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. பொய் அவர் வாயில் வராது. அதோடு, பெரட்டில் அத்தனை பேர் முன்னால் சிரிக்கப்பட்டவர், தன் வேலையைப் பறிகொடுத்தவர். உண்மையைச் சொன்னால் போதும், குணாவின் கதை முடிந்துவிடும்.

ஆபீஸ் அறையில் மேனேஜர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், நான், குணா. மாரியப்பன் உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார். மதகைச் சீக்கிரம் மூட வேண்டும் என்று குணாவிடம் சொன்னீர்களா என்று அந்த அம்மாள் கேட்டார்.

"சொன்னேம்மா" என்றார் மாரியப்பன்.

குணா தலையைக் குனிந்துகொண்டான். அம்மாள் எழுதத் தொடங்கினார். மாரியப்பன் அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"இன்னும் இருக்கும்மா, எழுதிக்குங்க. அன்னைக்கு ஒரு நாள்ல நாப்பது அம்பது விஷயம் சொன்னேன். கிரீஸ் சொன்னேன், உடும்பு சொன்னேன், பாம்பு சொன்னேன், மொதலை சொன்னேன். கேட்ட மூடுறதயும் அதோட அதா சொன்னேன். எது ஆளக் கொல்லும், எது சும்மா சட்டைய நனைக்கும்னு பிரிச்சுச் சொல்லல. எனக்கு எல்லாமே பயம்தான். அவன் எதன்னு கேப்பான்? வருஷக்கணக்கா கத்துறேன், இங்க யாருமே கேக்கல. அவன் ஒருத்தன் மட்டும் கேக்கணும்னா எப்படி?"

அந்த அம்மாள் முதலில் மேனேஜரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

குணாவுக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வேலை தப்பியது, வீடு தப்பியது. அவன் டிராக்டருக்குப் போனான். மதகு மாரியப்பனிடம் திரும்பியது. ஆனால் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். தனக்கு உடம்பு சரியில்லாத நாளில் மதகைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் குணாவாக இருக்க வேண்டும். ஏன் அவன் என்று மேனேஜர் கேட்டார். சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வருவதைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான், புதிய ஆளுக்கு அதை யார் காட்டுவது என்றார் மாரியப்பன்.

பயிற்சி முடிந்து வந்த மறுநாள் காலை நீங்கள் பெரட்டில் நிற்கும்போது உங்கள் முன்னால் ஒரு குணா நிற்பான், ஒரு மாரியப்பன் நிற்பார், கைதட்டினால் கூசுகிற ஒரு சரஸ்வதி நிற்பார். யார் நல்ல தொழிலாளி என்று தேடாதீர்கள். இந்த வேலை எதைக் கேட்கிறது, இந்த ஆள் எதற்கு அசைவார் என்று பாருங்கள். ஓட வேண்டிய வேலையை ஓடுகிறவரிடம் கொடுங்கள். காக்க வேண்டிய வேலையைப் பயப்படுகிறவரிடம் கொடுங்கள். பயப்படுகிறவர் பத்து சொன்னால், அதில் எது முதலில் உடையும் என்று கேட்டு வாங்குங்கள். அது உங்கள் வேலை. அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

அந்த விசாரணை நாளில், எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் நடந்துபோனார்கள். படி இறங்கியதும் மாரியப்பன்தான் ஆரம்பித்தார்.

"காலையில கேட்டுக்கு வாடா. ஒண்ணே ஒண்ணு காட்டுறேன். அத மட்டும் நெஞ்சுல வச்சுக்க."

"ஒண்ணுதானேண்ணே?"

"ஒண்ணுதான்."

மோட்டாருக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் மூன்றாவது விஷயத்தில் இருந்தார். குணா நின்று, தலையைச் சாய்த்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.